ஓய்வு பெற்ற போர் விமானம்: காப்பதா, உருக்குவதா?



எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் எப்போதும்வென்றான். போர் விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? ஆனால் எப்போதும் வென்ற விமானமும் எப்போதும் பறந்துகொண்டிருக்க முடியாது. அதற்கும் ஒரு நாள் ஓய்வு உண்டு.

1963ஆம் ஆண்டு நம் விமானப் படையில் சேர்ந்த மிக்-21 விமானம், 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் நடந்த விழாவோடு ஓய்வு பெற்றது. அறுபத்திரண்டு ஆண்டு உழைப்பு! விழா முடிந்தது, மாலைகளும் வாடிவிட்டன. சரி, அடுத்து அந்த விமானங்களை என்ன செய்வது? பத்திரமாக நிறுத்தி வைப்பதா, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வருபவரிடம் போடுவது போல உடைத்து உருக்குவதா?

"வீட்டிலே பழைய சைக்கிள் கிடப்பதில்லையா? அது போல ஒரு மூலையில் கிடக்கட்டுமே!" என்று உங்களில் சிலர் சொல்லலாம். "இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பானேன்? காயலான் கடையில் போட்டால் காசாவது வரும்" என்று வேறு சிலர் சொல்லலாம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சீர்தூக்கிப் பார்க்க இயற்பியல், வேதியியல், மண்ணியல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு எல்லாமே நமக்கு வேண்டும்.

விமானத்துக்கு வயதாவது எப்படி?

ஒரு மெல்லிய கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மேலும் கீழுமாக மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கிலே ஒடியாது. பத்தாவது, இருபதாவது மடக்கில் பட்டென்று ஒடிந்துவிடும். பலமுறை வளைந்து நிமிர்ந்ததால் கம்பிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றி, வளர்ந்து, கடைசியில் ஒடிகிறது. இதற்கு 'உலோகச் சோர்வு' என்று பெயர்.

போர் விமானம் வானத்தில் சட்டென்று திரும்பும்போது, அதன் இறக்கைகள் விமானத்தின் எடையைப் போல ஐந்து, ஆறு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த நொடி நேராகப் பறக்கும், பாரம் குறையும். மறுபடியும் திரும்பும், பாரம் ஏறும். நமது கம்பிக்கு நேர்ந்ததே இறக்கைக்கும் நேருகிறது. ஆகவேதான் ஒவ்வொரு விமானத்துக்கும் 'இத்தனை மணி நேரம்தான் பறக்கலாம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. புதிய ரேடார்களும் ஏவுகணைகளும் வந்தபின் பழைய விமானம் போருக்கு உதவாது. அதைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டால் உதிரி பாகங்கள் கிடைக்காது. அதாவது, ஓய்வு பெறும் விமானங்கள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. சில உண்மையிலேயே கிழடு தட்டிப்போனவை. சில, உடம்பில் இன்னும் தெம்புள்ளவை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்பூர் விந்தை

காப்பதா, அழிப்பதா என்ற கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை இந்தியாவில் 'லிபரேட்டர்' என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை வைத்திருந்தது. அவை அமெரிக்கா கடனாகக் கொடுத்தவை. போர் முடிந்ததும் ஒன்று திருப்பித் தர வேண்டும், இல்லையேல் பயன்படாதபடி செய்துவிட வேண்டும் என்பது உடன்பாடு. ஆகவே கான்பூரில் கொண்டுபோய் நிறுத்தி, அவற்றைச் சிதைத்தார்கள். கருவிகளை உடைத்தார்கள், எஞ்சின்களில் மண்ணைக் கொட்டினார்கள், உடலை நெளித்தார்கள் என்று விமானப் படை வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் அவை கேட்பாரற்றுக் கிடந்தன.

நாடு விடுதலை பெற்றபின் நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. அப்போது பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் பொறியாளர்கள் கான்பூருக்குப் போய் அந்தக் குப்பைக் காட்டைப் பார்த்தார்கள். ஒன்றில் உடைந்தது இன்னொன்றில் நன்றாக இருந்தது! இதன் வாலையும் அதன் சக்கரத்தையும் வேறொன்றின் எஞ்சினையும் சேர்த்து, பறக்கும் அளவுக்குச் செப்பனிட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே முழுமையாகப் பழுது பார்த்தார்கள். 1948 நவம்பரில் அத்தகைய விமானங்களைக் கொண்டு 5ஆம் எண் விமானப் பிரிவு தொடங்கியது. இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் உயிர் பெற்றன. 1968 வரை அவை நம் நாட்டுக்காகப் பறந்தன.

கதை இத்துடன் முடியவில்லை. அமெரிக்கா மொத்தம் 18,000க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைச் செய்தது. போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்து உருக்கிவிட்டார்கள். அரிசோனா மாநிலத்தில் கிங்மன் என்ற ஒரே இடத்தில் மட்டும் பலவகைப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் உலைக்குப் போயின. பின்னாளில் அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு லிபரேட்டர் வேண்டுமென்று தேடியபோது கிடைப்பது அரிதாகிவிட்டது. யாரிடம் இருந்தது? இந்தியாவிடம்! பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்திலும், அரிசோனாவிலுள்ள பீமா விமான அருங்காட்சியகத்திலும் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் நாம் கொடுத்தவை. டில்லி பாலத்திலுள்ள நம் விமானப் படை அருங்காட்சியகத்திலும் ஒன்று இருக்கிறது.

பாலைவனத்தில் ஓர் உறக்கம்

இன்று உலகிலேயே மிகப் பெரிய விமானச் சேமிப்பிடம் அந்த அரிசோனாவில்தான் இருக்கிறது. டூசான் நகரையொட்டி, டேவிஸ்-மோந்தான் விமானப் படைத் தளத்தில், ஏறத்தாழ 2,600 ஏக்கர் நிலத்தில் வரிசை வரிசையாக விமானங்கள் நிற்கின்றன. 1946இல் தொடங்கிய இடம் இது.

ஏன் அங்கே? காரணம் மூன்று. முதலாவது, மழை குறைவு. ஆண்டுக்கு 300 மி.மீ. அளவுதான். இரண்டாவது, காற்று வறண்டது. கடல் வெகு தொலைவு. மூன்றாவது, தரை. அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புச் சத்து இறுகிப் பாறைபோல ஆகியிருக்கிறது. சிமெண்டுத் தளம் போடாமலேயே கனமான விமானத்தை அதன்மேல் இழுத்துச் செல்லலாம், நிறுத்தி வைக்கலாம்.

கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். முதலில் வெடிமருந்துள்ள பாகங்களைக் கழற்றுகிறார்கள். ஆபத்து நேரத்தில் விமானியின் இருக்கையை வெளியே தூக்கி எறியும் வெடியும் இதில் அடங்கும். உடலைக் கழுவி உப்பையும் அழுக்கையும் போக்குகிறார்கள். எரிபொருளை வடித்துவிட்டு, குழாய்களுக்குள் மெல்லிய எண்ணெயைச் செலுத்துகிறார்கள். உட்புறம் துருப்பிடிக்காமல் அது படலமாகப் படிகிறது. எஞ்சின் வாயையும் இடுக்குகளையும் அடைத்து, கடைசியில் மேல்பாகத்தில் வெள்ளைப் பூச்சு ஒன்று பூசுகிறார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புமல்லவா? அதனால் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். பூச்சு இல்லாவிட்டால் உள்ளே அடுப்புப் போலக் கொதித்து, ரப்பரும் கம்பி உறைகளும் பாழாகிவிடும்.

இத்தனை பாடுபட்டதன் பயன்? 2008இல் அங்கே உறங்கப் போன ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம், ஏழு ஆண்டுகள் கழித்து 2015இல் மீண்டும் பறந்தது! தீ விபத்தில் பழுதான மற்றொரு விமானத்துக்குப் பதிலாக அதை எழுப்பினார்கள். ஆனால் இப்படி எழுந்து பறப்பவை சிலவே. பெரும்பாலானவை உதிரி பாகக் களஞ்சியமாகவே பயன்படுகின்றன.

கரிசலில் நிறுத்தினால் என்ன?

"எங்கள் ஊரும் வறண்ட பூமிதானே! கோவில்பட்டியிலும் எப்போதும்வென்றானிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லையே. இங்கே நிறுத்தினால் என்ன?" என்று அந்தப் பக்கத்து மாணவர் யாரேனும் கேட்கலாம். நல்ல கேள்வி! பதிலை உங்கள் காலடி மண்ணே சொல்லும்.

கரிசல் மண்ணில் 'மாண்ட்மோரில்லோனைட்' என்ற ஒருவகைக் களிமண் தாது நிறைய உண்டு. இதன் துகள்கள் சீட்டுக்கட்டுப் போல அடுக்கடுக்கானவை. மழை பெய்தால் அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. மண் உப்பி எழும்புகிறது. கோடையில் நீர் வெளியேற, அடுக்குகள் நெருங்கி மண் சுருங்குகிறது. சித்திரை வைகாசியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும், ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டிச் சக்கரம் புதைந்து மாடுகள் திணறுவதையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். பருத்திக்கு இந்த மண் தாய்மடி. நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் விமானத்துக்கு?

மிக்-21 விமானத்தின் வெற்று எடையே 5,000 கிலோவுக்கு மேல். அத்தனையும் மூன்றே சக்கரங்களில் இறங்குகிறது. மழைக்காலத்தில் ஒரு சக்கரம் புதைந்து மற்றொன்று புதையாமல் நின்றால் விமானம் சாயும்; கால்கள் கோணும். கோடையில் தரை வெடித்தால் மறுபடியும் ஆட்டம். தடித்த கற்காரைத் தளம் போட்டாலும், அடியிலுள்ள மண் உப்பிச் சுருங்குவதால் தளமே விரிசல் விடும். கரிசலில் வீடு கட்டுவோர் ஆழமாக அடித்தளம் இடுவது இதனால்தான்.

இரண்டாவது தொல்லை, கடல். எப்போதும்வென்றானிலிருந்து கடல் சுமார் 30 கி.மீ.க்குள்தான். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்குக் காற்று வீசும் நாடு இது. கடற்காற்று உப்புத் துகள்களையும் நிலக்காற்று புழுதியையும் கொண்டுவரும். விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் மூடிக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். வலிமைக்காக அலுமினியத்தோடு செம்பு சேர்த்திருப்பார்கள். உப்பு ஈரம் பட்டதும் செம்பும் அலுமினியமும் சிறு மின்கலம்போல வேலை செய்து, அலுமினியம் அரிக்கப்படும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே பொரிந்து ஏடு ஏடாகக் கழன்றுவரும்!

ஆகவே 'வறண்ட இடம்' என்றால் மட்டும் போதாது. மழை, காற்று, மண் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

செய்து பாருங்கள்

1. நன்றாகக் காய்ந்த கரிசல் மண்ணைப் பொடித்துச் சலியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு அளவு ஜாடிகளில் பத்துப் பத்து மில்லிலிட்டர் மண் இடுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். எதில் மண்ணின் அளவு கூடியிருக்கிறது? மண்ணெண்ணெய் ஏன் அடுக்குகளுக்குள் புகுந்து உப்ப வைப்பதில்லை? ஆசிரியரைக் கேளுங்கள். (இந்தச் சோதனையை ஆசிரியர் முன்னிலையில், தீயிலிருந்து விலகிச் செய்யுங்கள். செம்மண்ணிலும் செய்து ஒப்பிடுங்கள்.)

2. இரண்டு அலுமினியத் தகட்டுத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் மட்டும் செம்புக் கம்பியை இறுகச் சுற்றுங்கள். இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் உப்பு நீரில் இட்டு ஒரு வாரம் விடுங்கள். கம்பி தொட்ட இடத்தைக் கவனியுங்கள்.

உருக்கினால் என்ன கிடைக்கும்?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தாலோ, தேவைப்படும் ஆற்றலில் நூற்றுக்கு 95 பங்கு மிச்சம். அலுமினியம் 660 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். பழைய விமானங்களிலிருந்து 1,000 கிலோ அலுமினியம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எடுக்க வேண்டியது 14,000 யூனிட். அதில் மிச்சம் 13,300 யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு இது ஐந்தரை ஆண்டுக்குப் போதும்! எஞ்சினிலுள்ள நிக்கல் கலவையும் டைட்டானியமும் இதைவிட விலை மிகுந்தவை.

ஆனால் காயலான் கடைக்காரர் போல எல்லாவற்றையும் ஒரே உலையில் கொட்ட முடியாது. செம்பு கலந்த அலுமினியம் ஒரு வகை. துத்தநாகம் கலந்தது வேறு வகை. இரண்டையும் சேர்த்து உருக்கினால் மட்டமான உலோகமே கிடைக்கும். மக்னீசியம் பாகங்கள் தீப்பற்றினால் அணைப்பது கடினம். மிகப் பழைய கருவிகளின் முள்களில் இருட்டில் ஒளிரும் ரேடியப் பூச்சு இருக்கலாம், அது கதிரியக்கமுள்ளது. ஆகவே பிரித்து, அடையாளம் கண்டு, பிறகே உருக்க வேண்டும்.

சில சமயம் உடைப்பதற்கு உலோக விலை காரணமாக இருப்பதில்லை. அமெரிக்காவும் சோவியத் நாடும் 1991இல் செய்துகொண்ட அணு ஆயுதக் குறைப்பு உடன்பாட்டின்படி, 365 பி-52 விமானங்கள் அழிக்கப்பட வேண்டியிருந்தன. ஏறத்தாழ 6,000 கிலோ எடையுள்ள வெட்டுக் கத்தியைப் பாரந்தூக்கியிலிருந்து விழச் செய்து அவற்றைத் துண்டாக்கினார்கள். பிறகு அந்தத் துண்டுகளை உடனே அப்புறப்படுத்தவில்லை. 90 நாட்கள் திறந்த வெளியிலேயே போட்டு வைத்தார்கள். ஏன் தெரியுமா? மறுதரப்பின் செயற்கைக்கோள்கள் வானிலிருந்து பார்த்து உறுதி செய்துகொள்வதற்காக!

அமெரிக்கக் கடற்படையிலிருந்து 2006இல் ஓய்வு பெற்ற எஃப்-14 விமானங்களுக்கோ வேறு காரணம். அதே வகை விமானத்தை ஈரானும் வைத்திருந்தது. உதிரி பாகங்கள் அங்கே போய்விடக் கூடாது என்று, சேமிப்பிலிருந்தவற்றை 2007 முதல் துண்டு துண்டாக அரைத்துத் தள்ளினார்கள்.

பழையது புதியதை வாழ வைக்கும்

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கிறது. ஜாகுவார் என்ற தாக்குதல் விமானத்தைப் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கின. அந்த நாடுகள் இரண்டுமே அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டன. நம் விமானப் படை இன்னும் பறக்க விடுகிறது. புதிய பாகங்களுக்கு எங்கே போவது? பிரான்சில் ஓய்வு பெற்றுக் கிடந்த முப்பதுக்கு மேற்பட்ட ஜாகுவார் உடல்களை உதிரி பாகங்களுக்காகப் பெற 2018 வாக்கில் ஏற்பாடாயிற்று. பிரான்ஸ் அவற்றை உருக்கியிருந்தால்? கான்பூரில் நடந்ததைத்தான், வேறு விதத்தில், இன்றும் செய்கிறோம்.

அரக்கோணத்திலிருந்து கடற்கரைக்கு

மூன்றாவது வழி, காட்சிக்கு வைப்பது. நம் தமிழ்நாட்டு அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து டியு-142 என்ற பெரிய கண்காணிப்பு விமானங்கள் பறந்துவந்தன. 1988இல் சேர்ந்த அவை 29 ஆண்டுகள் உழைத்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினத்துக்கு ஓட்டிச் சென்று, பிரித்து, கடற்கரையோரம் மீண்டும் பூட்டி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 50 மீட்டர் அகல இறக்கையுள்ள விமானத்தைப் பிள்ளைகள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அது திறக்கப்பட்டது.

ஆனால் உப்புக் காற்று என்ன செய்யும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். கடற்கரையில் நிற்கும் விமானத்தை இடைவிடாமல் கழுவ வேண்டும். வர்ணம் பூச வேண்டும். பணமும் ஆளும் என்றென்றும் தேவை. அது முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு விக்ராந்த் கப்பல் ஓர் உதாரணம். நம் முதல் விமானந்தாங்கிக் கப்பலான அது 1997இல் ஓய்வு பெற்று, மும்பையில் பல ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க இயலாமல் 2014இல் உடைப்புக்கு விற்கப்பட்டது. அதன் எஃகில் ஒரு பகுதியைக் கொண்டு 2016இல் மோட்டார் சைக்கிள்கூடச் செய்தார்கள்!

அப்படியானால் எது சரி?

ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு விமானத்தையும் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

இதே வகை விமானம் நம்மிடம் இன்னும் பறக்கிறதா? ஆம் என்றால் பாகங்களுக்காகக் காப்பாற்ற வேண்டும்.

இதன் உடலில் இன்னும் பறக்கும் நேரம் மிச்சமிருக்கிறதா? இருந்தால் ஏற்ற இடத்தில், முறைப்படி மூடி நிறுத்தலாம்.

இது அரிய விமானமா, வரலாறு உள்ளதா? அப்படியானால் எல்லாவற்றையும் அல்ல, ஒன்றிரண்டை மட்டுமாவது, கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். பதினெட்டாயிரத்தில் ஒரு கைப்பிடி மிஞ்சிய லிபரேட்டரை மறக்கலாமா?

மூன்றுக்கும் இல்லை என்பதே விடையானால்? தயங்காமல் பிரித்து உருக்க வேண்டும். வெயிலில் போட்டு அரிக்க விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. அதில் விமானமும் மிஞ்சாது, உலோகமும் மிஞ்சாது.

உருக்கியதைத் திரும்பப் பெற முடியாது. காப்பதற்கோ ஓயாத செலவு. இந்த இரண்டுக்கும் நடுவே அறிந்து முடிவெடுப்பதுதான் பொறியியல். மிக்-21இல் எத்தனை நிற்க வேண்டும், எத்தனை உலைக்குப் போக வேண்டும்? முடிவு உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நாலு கேள்விகளையும் வைத்துக்கொண்டு உங்கள் வகுப்பில் ஒரு விவாதம் நடத்துங்கள்.